கை நனைக்க மாட்டேன் என்றவர்

எங்கள் விடுதிக்கு வருகிறவர்கள் பெட்டியை இறக்கி வைத்ததும் முதலில் கேட்பது, டிவி எங்கே என்பதுதான். டிவி கிடையாது. சுவரில் படம் கிடையாது, மூலையில் பூஜாடி கிடையாது. ஓர் அறைக்கு ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சட்டை மாட்ட ஒரு மர முளை, கனமான கம்பளி இரண்டு. அறைகளை வடிவமைத்துக் கொடுத்த பெண், வீட்டிலிருந்த பாதிச் சாமானை வெளியே தூக்கிப் போடச் சொன்னாள். மிச்சமிருந்த சுவருக்கு வெள்ளையடிக்கச் சொன்னாள். "ஒண்ணுமே இல்லாததுக்கு வாடகை வாங்குற ஒரே ஆளு இந்தக் கொடைக்கானல்லயே நீங்கதான்" என்று என் கணவரைக் கேலி செய்வேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். எனக்கு வாய் அதிகம், அவருக்குப் பொறுமை அதிகம். எங்கள் குடித்தனம் அப்படித்தான் ஓடியது.

வீடு பழைய கல் வீடு. தகரக் கூரை, மரத்தளம், முன்னறையில் பெரிய கணப்பு. அதில் இருந்த ஒரு மிஷன் குடும்பம் ஊருக்குத் திரும்பியபோது, பழனியில் கடை வைத்திருந்த என் மாமனார் வாங்கிப் போட்டார். அவர் காலத்துக்குப் பிறகு பழனிக் கடை மூத்த மகனுக்கு, மலைமேல் வீடு இளைய மகனான என் கணவருக்கு என்று பாகம் பிரிந்தது. பாகத்தில் சண்டை வரவில்லை. சண்டை சோற்றில் வந்தது.

அதைச் சொல்ல மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தைப்பூசத்துக்கு நடந்து வரும் பக்தர்களுக்கு அவர் வருடா வருடம் கடை வாசலில் பந்தி போடுவார். எந்த ஊர், என்ன பெயர் என்று யாரையும் கேட்க மாட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சோற்று வாளியை அவரே தூக்குவார். அண்ணனும் தம்பியும் சின்ன வயதில் ரசவாளியோடு பின்னாலேயே ஓடுவார்களாம். கடைசி இலையில் இருப்பவர் சாப்பிட்டு முடிக்கும்வரை ஒருவரும் எழக் கூடாது என்பது அவர் சட்டம். கால் வீங்கி, பசியில் நிதானமாகச் சாப்பிடுகிற கிழவர் ஒருவருக்காகப் பந்தி முழுவதும் கை காய்ந்து உட்கார்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவரின் மகன் விடுதி நடத்த ஆரம்பித்தார். வேறு வழியில்லை. மழைக்கு மழை கூரை ஒழுகியது, தளத்தைக் கறையான் தின்றது. அறைகளை வாடகைக்கு விடாமல் அந்த வீட்டை நிறுத்தி வைத்திருக்க எங்களால் முடியாது.

திறப்பு நாளன்று என் கணவரின் அண்ணன் பழனியிலிருந்து வந்தார். அவரை இங்கே பெரியவர் என்றே சொல்கிறேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வோர் அறையாகப் பார்த்தார். ஒன்றும் குறை சொல்லவில்லை. நான் காபி கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். முன்னறைக்கு வந்தபோது அங்கே மாட்டியிருந்த அட்டையைப் படித்தார். அறை வாடகை, மூன்று வேளை உணவு உட்பட. வாய்க்குக் கொண்டுபோன டம்ளரை அப்படியே ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

"ஏலே, சோத்தையுமா விக்கிறே?"

என் கணவர் ஏதோ சொல்ல வந்தார். பெரியவர் கேட்கவில்லை.

"அப்பா வாளி தூக்குன கையி. அந்தக் கைக்குப் பொறந்துட்டு இப்படி ஒரு சோலியா? சோறு விக்கிற வீட்ல நான் கை நனைக்க மாட்டேன்."

கை நனைப்பது என்றால் எங்கள் பக்கம் வெறும் சாப்பாடு இல்லை. பெண் பார்க்கப் போகிறவர்கள் சம்பந்தம் முடிவாகும்வரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். நனைத்துவிட்டால் உறவு உறுதி. நனைக்க மாட்டேன் என்று ஒருவர் சொல்லிவிட்டால், அவரைக் கூப்பிடலாம், உட்கார வைக்கலாம், நலம் விசாரிக்கலாம், ஆனால் நடுவில் ஒன்று அறுந்து கிடக்கும்.

அதற்காக அவர் வராமலும் இருக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை வருவார். தண்ணீர்கூடத் தன் பாட்டிலில் இருந்துதான். மதியம் ஆனால் கேட் பக்கம் நிற்கிற காருக்குப் போய், அவர் மனைவி கட்டிக் கொடுத்த தூக்குப்போணியைத் திறந்து மடியில் வைத்துச் சாப்பிடுவார். என் கணவர் கார் கதவைப் பிடித்துக்கொண்டு பனியில் நின்று பேசிக்கொண்டிருப்பார். சமையலறை ஜன்னல் வழியாக அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "அவரு பிடிவாதத்துக்கு நீங்க ஏன் காவல் நிக்கிறீங்க?" என்று கேட்டால், "அண்ணன் தனியாச் சாப்பிடக் கூடாதுல்ல" என்பார்.

விடுதியில் ஒரே மேஜைதான் இருக்க வேண்டும் என்று சொன்னவளும் அந்த வடிவமைப்புப் பெண்தான். ஊர் பேர் தெரியாதவர்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது இப்போது நகரத்துக்காரர்களுக்குப் பிடிக்கிறது என்றாள். அவள் சொன்ன மற்ற எல்லாவற்றுக்கும் தலையைச் சொறிந்த என் கணவர், இதை மட்டும் உடனே பிடித்துக்கொண்டார். வீட்டில் கழற்றிப் போட்ட பழைய கதவுகளை இழைத்து நீளமாக ஒரே மேஜை செய்தார். இரண்டு பக்கமும் பெஞ்சு. சட்டங்களையும் அவரே போட்டார். யாரும் தன் தட்டில் தானே பரிமாறிக்கொள்ளக் கூடாது. பக்கத்தில் இருப்பவருக்கு நாம் போட வேண்டும், நமக்கு அவர் போடுவார். கடைசி ஆள் முடிக்கும்வரை யாரும் எழக் கூடாது.

வருகிறவர்கள் இதைப் புதுமை என்று நினைத்துப் படம் எடுத்துப் போட்டார்கள். அது பழனித் தெருவில் போட்ட பந்தி என்று எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். அண்ணனிடம் சொல்லுங்கள் என்றேன். சொல்ல மாட்டேன் என்றார். "உக்காந்து பாத்தா அவருக்கே தெரியும்."

பிறகு என் கணவருக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. முதலில் சப்பாத்தி இறங்கவில்லை, அப்புறம் சோறு. மதுரையில் காட்டினோம். உணவுக்குழாயில் புற்று. வைத்தியம் நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. ஒரு கவளத்தை விழுங்க அவர் கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, ஒரு வாய் வெந்நீர் குடித்து, அது இறங்கும்வரை காத்திருப்பார். மேஜைக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். தான் முடிக்கும்வரை எல்லோரும் உட்கார்ந்திருக்க வேண்டுமே என்று கூச்சம். தான் போட்ட சட்டத்துக்குத் தானே பயந்து, அறையில் நாற்காலியில் உட்கார்ந்து கஞ்சி குடித்தார். அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு தனியாகக் குடித்தார்.

கடைசியில் டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த திங்கட்கிழமை வயிற்றில் குழாய் வைக்க வேண்டும். அதற்குப் பிறகு வாய் வழியாக ஒன்றும் கிடையாது. அன்று காரில் மலையேறும்போது அவர் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். "அண்ணனோட ஒரு வேளை உக்காந்து சாப்பிட்டிருக்கலாம்." கூப்பிடட்டுமா என்றேன். வேண்டாம் என்றார். கேட்டு வாங்குகிற சாப்பாடு இல்லையாம் அது.

வீட்டுக்கு வந்ததும் நான் தோட்டத்துப் பக்கம் போய் போன் போட்டேன். அவர் சொன்னதைக் கேட்டு நடக்கிற பழக்கம் எனக்கு என்றைக்குமே இருந்ததில்லை.

"பெரிய மச்சான், திங்கக்கிழம அவருக்கு வயித்துல ட்யூப் வைக்கிறாங்க. அப்பறம் வாயால சாப்பாடு இல்ல. அதுக்குள்ள ஒரு வேள அவரோட உக்காந்து சாப்பிட்டுப் போங்க."



"வர்றேன்" என்றார். "ஆனா கை நனைக்க மாட்டேன்."

சனிக்கிழமை வந்தார். கையில் தூக்குப்போணி. எனக்கு வந்த கோபத்தில் படியிலேயே மறித்தேன்.

"இந்த வீட்ல சோத்துக்குன்னு ஒருத்தர்ட்டயும் தனியாக் காசு வாங்குனதில்ல மச்சான். ஒரு வாய் கூடத் தின்னாலும் ஒரு வாய் கொறச்சுத் தின்னாலும் அதே வாடகதான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். குரல் உயரவில்லை.

"வாடகைல சேத்து வாங்குறதுக்கு என்னம்மா பேரு?"

பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து வருடக்கணக்கில் பிள்ளைகளை மிரட்டிய என் வாய் அந்த இடத்தில் அடைத்துக்கொண்டது. அவர் சொன்னதில் தப்பு இல்லை. அட்டையில் நாங்களே எழுதி மாட்டியதுதான்.

"நான் சொன்ன சொல்லு சொன்னதுதான். ஆனா தம்பியோட உக்காருறேன். காருல இல்ல, உள்ளயே உக்காருறேன். வழிய விடு."

அன்று மேஜையில் பெங்களூரிலிருந்து வந்த இளம் ஜோடி ஒன்றும், தனியாக வந்திருந்த ஒரு பேராசிரியரும் இருந்தார்கள். பெரியவர் வாசல் பக்கமாக, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். என் கணவர் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு மெதுவாக வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் அந்த மேஜைக்கு வந்தது அன்றுதான். அண்ணனுக்கு அந்தப் பக்கம் ஆள் இல்லை, பெஞ்சு முடிந்துவிட்டது. அவருக்கு இருந்த ஒரே பக்கத்து ஆள் தம்பிதான்.

பெரியவர் தூக்குப்போணியைத் திறந்தார். நெய் விட்டுக் குழைத்த பருப்புச்சோறு. தம்பிக்கு இறங்குவதாக இருக்கட்டும் என்று அவர் மனைவி யோசித்துக் கட்டியிருக்கிறார். ஆனால் பழனியிலிருந்து மலையேறி வருவதற்குள் நெய் உறைந்து, சோறு வெள்ளை பூத்துக் கட்டியாக நின்றது. அவர் தனக்கு ஒரு கை எடுக்கப் போனார்.

"அங்கிள், இங்க நமக்கு நாமளே போட்டுக்கக் கூடாது" என்றாள் எதிரே இருந்த பெங்களூர்ப் பெண். "பக்கத்துல இருக்கிறவங்களுக்குத்தான் போடணும். அப்புறம் கடைசி ஆள் முடிக்கிற வரைக்கும் யாரும் எழுந்திருக்கக் கூடாது."

பெரியவரின் கை நின்றது. அவர் அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தார். தம்பி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேஜை எந்த மரத்தில் செய்தது என்று சோதிப்பவர் மாதிரி பெரியவர் அதன் விளிம்பை இரண்டு தடவை தடவினார். பிறகு தூக்குப்போணியை எடுத்துத் தம்பி தட்டில் சோற்றைப் போட்டார்.

அது இறங்காது என்று எனக்குத் தெரியும். நான் பேச வாயெடுப்பதற்குள் என் கணவர் ரசக் கிண்ணத்தைப் பார்த்துத் தலையசைத்தார். மலைமேல் கவுஞ்சிக் கிராமத்திலிருந்து வரும் மலைப்பூண்டைத் தட்டிப் போட்டு, அவருக்காகக் காரமும் புளியும் குறைத்து வைத்த ரசம். பேராசிரியர் அதை எடுத்து அவர் தட்டில் ஊற்றினார். சூட்டில் நெய் உருகியது. என் கணவர் அதை விரலால் நன்றாக மசித்து ஒரு சின்ன உருண்டையை வாயில் வைத்தார்.

கழுத்தை நீட்டினார். கண்ணை மூடினார். வெந்நீர். காத்திருந்தார். இறங்கியது.

பெரியவர் இதை முதல் தடவையாகப் பார்க்கிறார். போனில் கேட்டது வேறு. அவர் தூக்குப்போணியில் மிச்சச் சோறு அப்படியே இருந்தது. அவருக்கு எடுத்துப் போட வேண்டிய தம்பியால் ஒரு கையால் தட்டையும் ஒரு கையால் வெந்நீரையும் பிடிக்கத்தான் முடிந்தது. பெரியவரும் கேட்கவில்லை, எடுக்கவும் இல்லை. மற்ற மூவரும் சாப்பிட்டு முடித்தார்கள். யாரும் எழவில்லை. கை காய்ந்தது. வெளியே பனி இறங்கி ஜன்னல் வெளுத்துவிட்டது. பெங்களூர்ப் பையன் ஒரு தடவை அசைந்தான், அவள் அவன் முழங்கையைப் பிடித்தாள். நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஒவ்வோர் உருண்டைக்கும் பெரியவரின் தொண்டையும் கூடவே ஏறி இறங்கியது.

கடைசியில் இரண்டு வாய் மிச்சம் இருந்தது. என் கணவர் முயன்றார். வாய் வரைக்கும் கொண்டுபோய்க் கையை இறக்கினார்.

"முடியலண்ணே."

பெரியவர் தம்பியின் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். ரசமும் பருப்பும் கலந்து கிடந்த அந்த மிச்சத்தை வழித்து வாயில் போட்டுக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் அண்ணன் வைத்த மிச்சத்தைத் தம்பி சாப்பிடுவான். கணவன் தட்டில் மனைவி சாப்பிடுவாள், அதை நான் செய்ததில்லை என்பது வேறு விஷயம். அண்ணன் தம்பியின் எச்சிலைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. தட்டைச் சுத்தமாக வழித்துவிட்டு, யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார்.

"எங்க வீட்டுச் சோறு. வீணாக்கக் கூடாது."

ரசம் எங்கள் வீட்டு ரசம் என்று என் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லாமல் இருந்துவிட்டேன்.

அவர் போன பிறகு என் கணவரைப் படுக்க வைத்துக் கம்பளியை இழுத்துவிட்டேன். முகம் களைத்திருந்தது, ஆனாலும் தெளிவாக இருந்தது.

"ரசம் நம்ம வீட்டுதுன்னு அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்றார்.

"எனக்குத் தெரியலைங்க. கேக்கட்டுமா?"

"வேணாம். கேட்டா இல்லைன்னுதான் சொல்லணும் அவரு."

திங்கட்கிழமை குழாய் வைத்தார்கள். அதற்குப் பிறகும் பெரியவர் வந்தார், முன்பைவிட அடிக்கடி வந்தார். கட்டில் ஓரத்தில் நாற்காலியைப் போட்டு உட்காருவார். நான் குழாயில் கஞ்சித் தண்ணீரை ஊற்றி முடிக்கும்வரை எழ மாட்டார். அவர் அங்கே சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. அண்ணன் வந்து போகும் ஒவ்வொரு தடவையும் என் கணவர் என்னைப் பார்ப்பார். ரசத்தைப் பற்றித்தான், வாய் திறந்து கேட்க மாட்டார். நான் தலையை ஆட்டுவேன், தெரியவில்லை என்று. மழைக்காலம் முடிவதற்குள் என் கணவர் போய்விட்டார்.

காரியமெல்லாம் பழனியில் நடந்தது. விடுதியை மூடிவிடலாம் என்றுதான் இருந்தேன். அந்த மேஜையைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனால் சமையலுக்குப் பேத்துப்பாறையிலிருந்து வருகிற பெண்கள் இருவரும் வாசலில் வந்து நின்று, எப்போது திறப்பீர்கள் என்று கேட்டார்கள். சும்மா உட்கார்ந்திருந்தால் எனக்கும் பைத்தியம் பிடித்திருக்கும். திறந்தேன்.

திறந்த முதல் வாரம், ஒரு மதியம், பெரியவரின் கார் வந்து நின்றது. நான் சமையலறையில் இருந்தேன். மேஜையில் புது ஆட்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். நான் எட்டிப் பார்த்தபோது அவர் வாசல் பக்கத்து ஓரத்தில், அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். கையில் தூக்குப்போணி இல்லை. எதிரே வெறும் தட்டு.

அவர் பக்கத்து இடம் காலியாக இருந்தது. சட்டம் தெரிந்த புதியவர்கள் தங்கள் தங்கள் பக்கத்து ஆளுக்குப் போட்டுக்கொண்டார்கள். சோற்றுப் பாத்திரம் கை மாறி வந்து அந்தக் காலி இடத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. அவர் கைக்கு எட்டுகிற தூரம்தான். அவர் எடுக்கவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு, யாராவது போடுவார்கள் என்று காத்திருந்தார். அந்தக் கடைக்காரரை, என் வீட்டுக் காபியை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனவரை, அப்படிப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய், என் கணவர் இடத்தில் உட்கார்ந்தேன்.

சோறு போட்டேன். ரசம் ஊற்றினேன். அவர் பாத்திரத்தை வாங்கி என் தட்டில் போட்டார். பிறகு பிசைந்து முதல் வாயை வைத்தார். மென்றார்.

"மலைப்பூண்டு" என்றார். "அன்னைக்கும் இதே ரசந்தான்."

நான் அவர் பக்கம் திரும்பினேன். "தெரியுமா மச்சான்?"

"வாயில வச்சதுமே தெரியும். எங்க வீட்ல இந்தப் பூண்டு ஏது?"

உள்ளே ஓடிப்போய் அதை என் கணவரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குக் கால் துடித்தது. அறையில் கட்டில் விரித்தபடி காலியாகக் கிடந்தது. சொல்லிக் கேட்க வேண்டியவர் இல்லை.

பெரியவர் சின்னச் சின்ன உருண்டையாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நடுவில் நிறுத்தி நிறுத்தி, தன் தம்பி சாப்பிட்ட மாதிரியே சாப்பிட்டார். மற்றவர்கள் எல்லோரும் முடித்துவிட்டார்கள். எனக்கும் கை காய்ந்துவிட்டது. அவர் முடிக்கும்வரை யாரும் எழவில்லை.